பதினேழாம் விதி

வரிப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம்
அரைவிரல் நீளம்தான்.
முதல் ஆண்டு 'எழுத்தாளர்' என்று போட்டேன்.
மறு ஆண்டு 'பொம்மை உற்பத்தி'.
இந்த ஆண்டு, ஓட்டுக் கிடங்கில் பெட்டி எண்ணுவதை எழுதிவிட்டு
மிச்சத்தை 'இதர' என்று விட்டேன்.

இதர என்பது:
ஒன்பது வருடம், ஆறு விளையாட்டு,
சமையல் மேசையில் நீளக்கை ஸ்டேப்ளர்,
கட்டிலுக்கடியில் விற்காத நூற்று நாற்பது பிரதி,
ஈரம் ஏறாதிருக்க நடுவே
அரிசி கட்டிப் போட்ட பழைய காலுறைகள்.

விதி எழுதுகிறேன்.
யார் தலையிலும் இல்லை, இருபத்து நான்கு பக்கத் தாளில்.
நான் போகவே போகாத ஏதோ ஒரு வீட்டில்
நாலு பேர் தேநீர்க் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு
தங்களை வேறு ஆட்களென்று நம்பத் தொடங்க
எத்தனை சொல் போதும்?
பெரும்பாலும் அடிப்பதுதான் வேலை. எழுதுவது குறைவு.

'வற்றம்' நான்காவது.
ஹம்பர் ஆற்று முகத்தில் ஒரு விளக்குக் கப்பல்,
அதில் ஐந்து பேர், விலகாத மூடுபனி.
பகடை இரண்டு, கைப்பிடி உப்பு.
நிதி திரட்டிய முப்பது நாளும்
கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பணம் போட்டார்கள்.
அதில் ஒருவர் என் பல் மருத்துவர்.
அச்சுக்கூலி போக, நடுவில் ஏறிய தபால் கட்டணமும் போக
மிஞ்சியது நாற்பத்தோரு பவுண்டு.
படம் வரைந்த ஓட்டிலீக்கு முப்பது.
பதினொன்றுக்கு மீனும் வறுவலும் வாங்கி
பாலத்தடியில் நின்று தின்றோம்,
அவளுக்கும் எனக்கும் விரலெல்லாம் வினிகர்.

மார்ச்சில் லீட்ஸில் ஆட்டக்காரர்கள் கூடினார்கள்.
நீச்சல்குளத்தை ஒட்டிய மண்டபம்,
குளோரின் வாசனையில் அறுபது மேசை.
என் கழுத்தட்டையில் க்வெண்டா தோர்லி
'க்வெண்டா தோர்ன்லி' ஆகியிருந்தாள்.
திருத்தச் சொல்லவில்லை.
ஏழாம் மேசையில் 'வற்றம்' நடந்துகொண்டிருந்தது.
யாரும் என்னிடம் சொல்லி நடத்தவில்லை.
ஒரு நாற்காலி காலி. உட்கார்ந்தேன்.

நடத்தியவன் இட்ரிஸ். பத்தொன்பது இருக்கும்.
அவன் பிரதியில் காப்பிக் கறை,
ஓரமெல்லாம் பென்சில்.
மூன்றாம் வீச்சிலேயே மூழ்கினேன்.
பதினேழாம் விதிப்படி
பகடையை இடப்பக்கத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.
எட்டு மாதம் யோசித்த விதி அது:
காலி நாற்காலி ஒன்று
மிச்சப் பேரை முறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"எங்க போறீங்க? உட்காருங்க" என்றான்.
"மூழ்கினவங்க போகக்கூடாது.
இனிமே நீங்கதான் ஆறு. ஆறு பேசணும்."

பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.
நடுமடிப்பில் கோணலாய் இறங்கிய என் கம்பி
வரியின் வாலை விழுங்கியிருந்தது.
'மூழ்கியவர் மேசையை விட்டு'
அப்புறம் உலோகம், கொஞ்சம் கிழிசல்.
மீதியை அவர்களே நிரப்பியிருந்தார்கள்.

வாயைத் திறந்தேன்,
எழுதியது நான் என்று சொல்லத்தான்.
எதிரே ஒருத்தி, பின்னல் ஊசிகள் மடியில் கிடக்க,
கண்ணை மூடிக் காத்திருந்தாள்
ஆறு என்ன சொல்லுமென்று.

"உங்க விளக்குல எண்ணெய் இல்ல" என்றேன்.
"எனக்குத் தெரியும். நான்தான் குடிச்சேன்."

யாரோ உப்பைத் தட்டிவிட்டார்கள்.
யாரும் கூட்டி அள்ளவில்லை.
ஒரு மணி நேரம் பேசினேன்,
என் குரலில் இல்லாத அவ்வளவு நிதானத்தோடு.
அதுவரை என் விளையாட்டுகளைச் சோதித்திருக்கிறேன்.
விளையாடியது அன்றுதான்.

கடைசி ரயிலில் நின்றபடி
பிழைதிருத்தச் சீட்டுக்குக் கணக்குப் போட்டேன்.
நூற்று நாற்பது துண்டு, பசை ஒரு புட்டி,
அனுப்பிவிட்ட பிரதிகளுக்குத் தபால்தலை.
பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
இருட்டு, சேறு, எங்கோ ஒரு மிதவை விளக்கு.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல்
கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன்.
முதல் பிரதியின் கம்பியைப் பிடுங்கி, விரித்து,
பதினேழாம் விதியின் வினைச்சொல் மேல்
ஸ்டேப்ளரின் மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன்.

இரண்டு முறை தவறியது.
மூன்றாவது
சரியாக இறங்கியது, கோணலாய்.