நாலாயிரம் ஹெர்ட்ஸ்

காட்பாடியில் கூட்ஸ் கடக்கும்வரை
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி. எண்ணி முடித்தபின்
மின்விசிறியை நிறுத்துவேன்.
வேலூர் மே மாதத்தில் விசிறியை நிறுத்துகிறவள்
ஒன்று பைத்தியம்,
இல்லை மாஸ்டரிங் கற்றுக்கொள்கிறவள்.
கீழ்வீட்டுச் செண்பகா இரண்டும் என்கிறாள்.

பகலில் எனக்கு வேறு வேலை.
ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்கு வெளியே அமர்ந்து
உள்ளிருப்பவருக்கு 'பீப்' அனுப்புகிறேன்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்க.
கேட்டால் மட்டும்.
வங்காளத்திலிருந்து வந்த பெரியவர்
கேட்காததற்கும் அழுத்துவார்,
மகன் வெளியே பணத்தை எண்ணிக்கொண்டிருப்பதால்.
ராணிப்பேட்டையில் தோல் டிரம் ஓட்டுகிற பையன்
கேட்பதற்கும் அழுத்தமாட்டான்:
"வேற டூட்டி மாத்திக் குடுப்பாங்களாக்கா?"

இரவில் மூன்று நிமிடம் நாற்பது நொடி.
குடியாத்தம் ஏகவள்ளியின் குரல்,
ஒரு கீபோர்டு, ஒரு பம்பை,
தீப்பெட்டி ஆபீஸ் சூபர்வைசரைத் திட்டி மூன்று சரணம்.
மிக்ஸ் செய்த சுதர்சனம் ஒரே வரி எழுதியிருந்தான்:
சத்தமா வேணும்.

சத்தம் எளிது.
லிமிட்டரை இழுத்துவிட்டால்
பம்பையின் எல்லா அடியும் ஒரே உயரத்துக்கு வந்து
ரேஷன் வரிசையில் நிற்கும்.
அப்புறம் எதுவும் அடியாக இருக்காது.
இது விளங்க எனக்குப் பதினான்கு மாதமும்
இரண்டு ஹெட்போனும்
ஒரு நிச்சயதார்த்த மோதிரமும் ஆனது.
மோதிரம் அடகில் இருக்கிறது.
மாப்பிள்ளையைப் பற்றி இன்னொரு நாள்.

முடித்ததை பென் டிரைவில் போட்டு
முனிரத்தினத்தின் ஷேர் ஆட்டோவில்
பாகாயம்வரை போய்த் திரும்பினேன்.
கிரீன் சர்க்கிளில் அத்தனை ஹாரனையும் கிழித்துக்கொண்டு
ஏகவள்ளியின் 'ச' மட்டும் எழுந்து
இடப்பக்கம் இருந்தவர்களைக் குத்தியது.
பூக்கூடைக்காரி காதைப் பொத்தினாள்.
ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும், என்றேன்.
முந்தாநாள்தான் மாத்துனேன், என்றார் முனிரத்தினம்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில்
வெளியே ஜெனிட்டாவை உட்காரவைத்துவிட்டு
அறைக்குள் நான் போனேன்.
ஒன்பது வருடம் வெளியிலிருந்தே பார்த்த அறை.
உள்ளே முதலில் கேட்பது
நாம் எச்சில் விழுங்குவது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கும் அழுத்தத் தோன்றியது.
பெரியவரே,
இப்போது தெரிகிறது.

தாளில் வலது காது ஏரிக்கரைபோல் நேராகப் போனது.
இடது, மூவாயிரம்வரை கூடவே வந்து
நாலாயிரத்தில் இறங்கிவிட்டது,
பாலாற்றில் மணல் அள்ளிய குழியாக.
முப்பத்தைந்து டெசிபல் ஆழம்.
எட்டாயிரத்தில் மறுகரை ஏறியிருந்தது.
ஜெனிட்டா தாளை நீட்டி
"ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்றாள்,
நோயாளிகளிடம் கேட்கிற அதே குரலில்.

பதினொரு பாட்டு இதுவரை.
அரக்கோணத்துக் கிறிஸ்துமஸ் கீதம்,
வாணியம்பாடிக் கல்யாண வீட்டுக்கு எழுதிய வாழ்த்து,
கல்லூரிப் பையன்களின் கானா.
எனக்குப் பளிச்சென்று கேட்கும்வரை ஏற்றி ஏற்றி,
என் குழியை நிரப்புவதாக
அவர்கள் தலையில் மண்ணைக் கொட்டியிருக்கிறேன்.
ஒருவரும் குறை சொல்லவில்லை.
காசு குறைவாக வாங்கினால் அப்படித்தான்.

இன்று ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்,
வலது இடதாக.
ஏகவள்ளி இடம் மாறி வந்து நின்றாள்.
இவ்வளவு நாள் நான் கூர்தீட்டிய குரல்
கூர் கேட்கவே இல்லை என்பது தெரிந்தது.
இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.
மூன்றாம் சரணத்துக்கு முன்னால்
அவள் மூச்சிழுப்பது கேட்டது,
வசவுக்கு முந்தைய மூச்சு.
அதைத் தொடவில்லை.
இனி ஒவ்வொரு பாட்டையும்
இரண்டு பக்கமும் திருப்பிக் கேட்பேன்,
தோசை மாதிரி.

அனுப்பிவிட்டேன்.
சுதர்சனம் உடனே எழுதினான்: சத்தம் கம்மியா இருக்கே?
வால்யூமை ஏத்திக்கோ, என்று எழுதினேன்.
புள்ளிகள் வருகின்றன, போகின்றன.
அவன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.
இரண்டேகால் கூட்ஸ் வருகிறது.
விசிறியைப் போட்டுக்கொள்கிறேன்.