பதினோராவது அறை

நகைக்கடை ஷட்டர் இறங்கி
ஐந்து ரோட்டிலிருந்து குகைக்கு வந்துசேர மணி பத்தரை.
யூனிஃபார்ம் மாற்றாமல்
மகளின் போனில் அந்த மியூசியத்தைத் திறக்கிறேன்.
அம்புக்குறியைத் தொட்டால் தரை நகர்கிறது.
உட்கார்ந்தபடி நடக்கிறேன்.

தங்கச் சட்டங்களில் ராணிகள், எலுமிச்சை, செத்த முயல்.
விரலால் விரித்தால் பெயிண்டெல்லாம் வெடிப்பு,
மே மாத மூக்கனேரி மாதிரி.

பதினோராவது அறை மூலையில்
நீலக் கோட்டு ஆள்.
முகத்தை மட்டும் கலைத்துவிட்டார்கள்.
பக்கத்துப் பளிங்குச் சிலைக்கும் அதே கதி;
மனுஷன் என்று மெஷின் நினைத்துவிட்டது.

முகம் எதற்கு?
இடது காலில் பாரம், வலது லேசாகத் தூக்கல்.
எத்தனையாவது மணி நேரம் என்று
சொல்லிவிடுவேன்.

"சோறு ஆறுது" என்கிறாள் ருக்கு.

அவருக்குப் பின்னால் கயிறு கட்டிய நாற்காலி,
முந்நூறு வருஷமாய் யாரும் உட்காராதது.