யார் அந்தப் பொண்ணு

மஞ்சக்குப்பம் மண்டபத்தில்
ரசத்துக்கும் மோருக்கும் நடுவே
மாப்பிள்ளையின் மாமன் தேவநாதன் கேட்டார்:
"யார் சார் அந்தப் பொண்ணு?"

வெளியே ஸ்பீக்கரில் என் பாட்டு.
'நள்ளிரவில் வருவாய்,
சாத்திய ஜன்னலும் உனக்குத் திறப்புதான்,
கண் கலங்கும், மூச்சு முட்டும்,
விடிந்தால் உன் தடமே இல்லை.'

பொண்ணு இல்லைங்க.
முதுநகர் தாண்டிக் குடிகாட்டில்
ரெண்டு வருஷம் வாடகைக்கு இருந்தேன்.
ராத்திரி ஒரு மணிக்கு மேல்
சிப்காட் பக்கமிருந்து வரும் அது.
ஒரு நாள் அழுகிய முட்டைக்கோஸ்,
ஒரு நாள் நகப்பூச்சு.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
கலெக்டருக்குப் புகார் என்றுதான் ஆரம்பித்தேன்.
'ஐயா' என்ற முதல் சொல்லை
மெட்டுப் போட்ட பையன் 'அன்பே' ஆக்கினான்.
உட்காரவில்லையாம்.

தேவநாதன் அப்பளத்தை நொறுக்கினார்.
"அப்ப அந்த, உப்பனாத்துல உன் நிறம் கரையுதே?"
நிறம்தாங்க அது.
"சேலைன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு மோர் கேட்டார்.

மொய்க் கவரோடு மேடை ஏறினேன்.
மாலைக்குள்ளிருந்து அஞ்சலாட்சி குனிந்தாள்.
"நான் ஈச்சங்காடு சார்.
போடச் சொன்னதே நான்தான்.
ஸ்கூல்ல இத
மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத்தான் பாடுவோம்."

பக்கத்தில் மாப்பிள்ளை
உதடசைத்துப் பாடிக்கொண்டிருந்தார்,
கண் மூடி, உருகி.
"இவருக்கு இன்னும் சொல்லல" என்றாள்.
போட்டோக்காரர் எங்களை
இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார்.