முயலும்

கும்பகோணம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் என் கணினி.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
ரிட் மனு என்றால் இருபத்தைந்து,
இங்கிலீஷ் என்பதால்.

மனுதாரர் மைனர். தாய்தான் வந்தாள்:
சுகந்தி பாக், கொள்ளிடக்கரைச் செங்கல் சூளை,
சொந்த ஊர் பலாங்கிர், ஒடிசா.
நம்மூர்ப் பெயராக இருக்கிறதே என்றேன்.
அவள் திருத்திச் சொல்லிக் காட்டினாள்.
காதுக்குக் கேட்ட வித்தியாசத்தை
என் விசைப்பலகையில் எங்கேயும் காணோம்.

அவள் ஒடியாவில் சொன்னதை
சூளை மேஸ்திரி அரைத் தமிழில் சொல்ல,
வக்கீல் கலியபெருமாள் அதை இங்கிலீஷாக்க,
நான் அடித்தேன்.
அவள் மூக்கைச் சிந்தி அழுதது
என் திரைக்கு வந்து சேர்ந்தபோது
ஈடுசெய்ய இயலாத இன்னல் ஆகியிருந்தது.

மகள் ஜெமாமணி.
பள்ளிப் பதிவேட்டில் ஜெயமணி.
தாய்மொழி என்ற கட்டத்தைத் தொட்டால்
ஒரு பட்டியல் விழுகிறது, தமிழ், தெலுங்கு, உருது,
சௌராஷ்டிரம் என்று இறங்கிக்கொண்டே போய்
அடியில், மற்றவை.
அமலோற்பவம் டீச்சர் அதை அமுக்கினார்.
வேறு எதை அமுக்குவார்,
மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு?

அரசமைப்பு, முந்நூற்று ஐம்பது ஏ.
ஐம்பத்தாறில் செருகியது.
சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத்
தொடக்கப் பள்ளியில் தாய்மொழிப் பாடத்துக்கு
வசதி செய்ய
ஒவ்வொரு மாநிலமும் முயலும்.

"வினைச்சொல்லைப் பாரம்மா" என்றார் வக்கீல்.
"தரும்னு இல்ல. முயலும்.
மேட்டூர்ல திறந்துட்டுக் கணக்கு எழுதிடுவான்,
கடைமடைக்கு வந்துச்சான்னு எவன் கேட்டான்?
கடைமடை... அதையும் போடு."
எப்படிப் போட?
டெயில் எண்ட் என்று அடித்தேன்.
வால் வந்தது. வயல் வரவில்லை.

இணைப்பு நான்கு: சிறுமியின் நோட்டில் ஒரு பக்கம்.
படம் பார்த்துப் பெயர் எழுதுக.
அணிலை விட்டுவிட்டாள். ஆமையையும்.
முயலுக்கு நேரே, கோணல் தமிழெழுத்தில்,
டேகுவா.
மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

தமிழ் ஆவணமாம். மொழிபெயர்ப்பு வேண்டுமென்று
மதுரைக் கிளைப் பதிவகம் திருப்பி அனுப்பியது.
தப்பு விடையாகப் பெயர்ப்பதா,
சரி விடையாகவா?
வக்கீல் டீ குடிக்கப் போயிருந்தார்.
ராபிட் என்று அடித்தேன்.
இங்கிலீஷில் அவள் பாஸ்.

எதிர்மனுவும் என் மேசைக்கு நகல் எடுக்க வந்தது.
இம்மாநிலத்தின் பெரும்பான்மையினர் பேசும் மொழியை
மனுதாரர் கற்பதில் தவறில்லை, என்று.
பெரும்பான்மை என்றால் நாங்கள்.
அப்பாவின் பாகப்பிரிவினை அப்பீலுக்குத்
தீர்ப்பு வந்த அன்று, ஒன்பது பக்கம்,
அவருக்குத் தமிழில் சொல்லி முடிக்க
எனக்கு ஒரு ராத்திரி ஆனது.
கடைசியில் கேட்டார்:
"நாம ஜெயிச்சோமா தோத்தோமா?"

வாய்தா. மாசியில் ஒன்று,
பங்குனியில் அரசு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை.
சித்திரையில் ஒடியா ஆசிரியருக்கு
விளம்பரம் கொடுக்கும் முயற்சி
நடைபெற்று வருவதாகச் சொன்னார்கள்.
வைகாசி கடைசியில் பெய்தது ஒரு மழை,
பச்சைக் கல்லெல்லாம் கரைந்து சேறானது.
முன்பணக் கணக்கை முடித்து
மேஸ்திரி எல்லோரையும் ரயிலேற்றினார்.

மனுதாரர் தற்போது இம்மாநிலத்தில் இல்லாததால்
மனு பயனற்றுப் போய்விட்டது.
முடித்துவைக்கப்படுகிறது.
செலவுத்தொகை இல்லை.

கோப்பை நான் அழிக்கவில்லை.
மார்கழி கழிந்தால் சூளைக்குத் திரும்பவும் ஆள் இறங்கும்,
பெயரையும் வயதையும் மாற்றினால் போதும்.
கடைசி இரண்டு பக்கத்துக்கு
ஐம்பது ரூபாய் இன்னும் பாக்கி.
கேட்டால், முயல்கிறேன் என்கிறார் கலியபெருமாள்.