ஒடுக்கு

வெள்ளையில் பதினோரு வகை எனக்குத் தெரியும்.
லேண்ட் குரூசரின் வெள்ளை,
மூன்று கோடை வெயிலில் நின்ற அதே லேண்ட் குரூசரின் வெள்ளை,
முத்துத்தூள் கலந்தது, டாக்சிக்கு அடிப்பது.
எண் பார்க்காமல் கண்ணாலேயே கலப்பேன்.
மாற்றிப் போட்ட கதவு எதுவென்று
வண்டிக்காரனே சொல்ல முடியாது.
அந்தத் திமிரில்தான் தொடங்கினேன்
இந்த மனிதனின் கழுத்துப்பட்டையை.

ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள்.
வெனிஸில் எவனோ துணி வியாபாரியாம்.
கறுப்பு அங்கி. ஒரு கையில் உறை, மறு கை வெறுங்கை.
டயர் கடைக் காலண்டரின் மார்ச் மாதம் அவர்.
வரைந்த ஆசானின் பெயர் இருந்த மூலையைக் கிழித்து
யாரோ பல் குத்தியிருக்கிறார்கள்.
மிச்சத்தை மடித்து
ஒரு வருஷம் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

முகத்துக்கு முதலில் பச்சை அடிக்க வேண்டும் என்றது போன்.
தோலுக்கு அடியில் பச்சையா?
அடித்தேன்.
மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்த சேகு நைனா
'யாரோட மையத்து இது?' என்றார்.
அந்தப் பச்சையோடேயே ஒன்பது நாள்
அரிசி மூட்டையில் சாய்ந்திருந்தார் வியாபாரி.
டர்பன்டைன் வாடைக்கு தில் பகதூர்
தலையணையோடு பக்கத்து அறைக்குப் போனான்.
கருவாடு வறுத்தபோது போகாதவன்.

கடையில் பெயிண்ட் இருபது நிமிஷத்தில் காயும்,
கூண்டுக்குள் சூடு ஏற்றிவிட்டால்.
ஆளிவிதை எண்ணெய்க்கு அவசரமே தெரியவில்லை.
ஆகஸ்ட் மாத முசஃபா,
ஏசி அறையின் ஜன்னலில்
வெளிப்பக்கமாய் வியர்வை வழிகிறது.
காய்ந்ததா என்று விரல் வைத்தேன்.
நெற்றியில் இன்னும் என் ரேகை இருக்கிறது.

ஸ்பிரே கன் பிடித்த கைக்கு நிற்கத் தெரியாது.
நின்றால் வழிந்துவிடும் என்பது
பத்தொன்பது வருஷத்துப் பயம்.
தூரிகையோ நில் என்கிறது,
கீழிமையின் ஈரத்தில்,
மூக்கு முடிந்து உதடு தொடங்காத இடத்தில்.
அங்கெல்லாம் நின்று நின்று
தோள்பட்டை இற்றுப்போனது.

வலது கன்னத்தில்,
கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை ஒரு கோடு.
ஒரு புறம் நிழல், மறு புறம் மெல்லிய மினுக்கம்.
வாள் வெட்டு.
காசு கொடுத்தவனின் தழும்பைக்கூட மறைக்காத
ஆசானின் நேர்மையை நினைத்து நினைத்து
மூன்று இரவு அந்தக் கோட்டுக்கே கொடுத்தேன்.
அம்பர், கொஞ்சம் சிவப்பு, ஓரத்தில் வெள்ளை
(பன்னிரண்டாம் வகை, இதுவரை எந்த வண்டிக்கும் அடிக்காதது).

விடுமுறை நாளில் படத்தைக் கடைக்குள் வைத்து வரைவேன்.
ஒருமுறை பின்பம்பர் நசுங்கி அவசரமாய் வந்தார்
ஒரு லெபனான் டாக்டரம்மா.
காத்திருந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தார்,
போனில் தேடினார், என் பக்கம் திருப்பினார்.
அதே ஆள். அதே உறை.
கன்னம் வழவழவென்று இருந்தது.

காலண்டரை எடுத்துப் பார்த்தேன்.
மடிப்பு.
என் சட்டைப்பை போட்ட மடிப்பு,
என் வியர்வை ஊறி வெளிறிய ஓரம்.

'எண்ணெய்தானே, அழித்துவிடலாம்' என்றார்.
பம்பரை விரலால் தடவித் தடவித் தேடினார்,
ஒடுக்கு இருந்த இடம் கிடைக்கவில்லை.
சந்தோஷமாய் இருநூறு திர்ஹம் தந்தார்.

அன்று இரவு துணியை நனைத்துக்கொண்டு
கன்னத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.
ஒட்டகத்தில் மோதியவன், தூங்கிப்போய்ச் சுவரில் ஏற்றியவன்,
மனைவிக்குத் தெரியாமல் ஓட்டிப்போனவன்,
எல்லோருக்கும் நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கிக் கொடுத்த கை.
துணி காய்ந்தது.
மறுபடி நனைக்கவில்லை.

மெருகு பூச ஆறு மாதம் பொறுக்க வேண்டுமாம்.
என் விசா முடிய ஐந்து.

இப்போது அறைக்கு வருபவர்களிடமெல்லாம்
சேகு நைனா கதை சொல்கிறார்.
கூட்டு வியாபாரத்தில் கணக்குத் தகராறு, பங்காளி வெட்டியது,
தடுத்ததில் இரண்டு விரலும் போச்சு,
அதனால்தான் அந்தக் கையில் உறை.

எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
டாக்டரம்மா காட்டிய படத்தில் அப்படி இல்லை.
நான் வரைந்த உறையில்
இரண்டு விரல் காலியாய்த்தான் தொங்குகிறது.