மறுநுனி

பலகையைக் கனேடியன் டயரில் வாங்கினேன், பதினாலு டொலர்.
உரிமையாளரே விற்கிறார் என்று அச்சடித்திருந்தது.
கீழே வெற்றிடத்தில்
என் இலக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் எழுதினேன்.
ஏழு மட்டும் ஒன்று போல விழுந்துவிட்டது.
முதல் இரண்டு நாளும் ஏஜாக்ஸில் யாரோ ஒரு கிழவருக்கு
அழைப்புப் போயிருக்கிறது.
மூன்றாம் நாள் அவரே தேடி வந்து சொன்னார்.
வந்ததற்கு வீட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

இலக்கத்தைத் திருத்தியபின் வந்ததெல்லாம் முகவர்கள்.
பஸ் தரிப்பிட வாங்கில் முதுகு சாயும் இடமெல்லாம் சிரிக்கிற ஜெயசீலன்
"அஞ்சு வீதத்தைப் பாத்து அம்பதாயிரத்தை விடாதேங்கோ தங்கச்சி" என்றார்.
அஞ்சு வீதம் நாற்பத்திரண்டாயிரம்.
பாதி எனக்கு, பாதி கிருபாவுக்கு.
வழக்கறிஞர்களின் கடைசிப் பில்லும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.

விளம்பரத்துக்கு அறைகளின் அளவு வேண்டும்.
நாடாவின் நுனிமேல் சப்பாத்தை வைத்துவிட்டு
எதிர்ச் சுவருக்குப் போவதற்குள்
சர்ரென்று சுருண்டு வந்து விரலைக் கீறியது.
இரண்டு தரம்.
பதினொரு மாதத்துக்குப் பிறகு அவனுக்கு எழுதினேன்:
"மீற்றர் பிடிக்க ஆள் வேணும்."
"எத்தினை மணிக்கு" என்று வந்தது.
கேள்விக்குறி இல்லை. அவன் எப்போதும் போடமாட்டான்.

சனிக்கிழமை,
சப்பாத்தைக் கழற்றுவதா என்று வாசலில் நின்று யோசித்தான்
பாதி தன்னுடையதான வீட்டில்.
பிடி என்றேன். பிடித்தான்.
வரவேற்பறை பதினாறடி நாலு அங்குலம்.
சின்ன அறை ஒன்பதுக்குப் பத்து.
"சின்ன அறை எண்டே போடு" என்றான்.
மூன்றாவது படுக்கையறை என்று எழுதினேன், விலைக்காக.
இடையில் நாடா மஞ்சளாய் விறைத்து நின்றது.
இரு பக்கமும் இழுத்தால்தான் அளவு சரி;
ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் வயிறு வைத்துவிடும்.

நிலவறைக் கசிவைச் சொல்வதா என்று பிடுங்குப்பட்டோம்,
கேட்க யாருமில்லாத வீட்டில், தாழ்ந்த குரலில்.
"கேட்டாச் சொல்லுவம்."
"கேக்காட்டியும் சொல்லுவம்."
இதே சண்டையை முன்னமும் ஒருதரம் போட்டோம்.
அப்போது பேச்சு தண்ணீரைப் பற்றியல்ல.

ஞாயிறு காலை மாரிசெல் வந்தாள்,
இரவு வேலை முடித்த தாதி உடுப்போடு.
தம்பி எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினான்.
அவள் ஒவ்வொரு அலுமாரிக்குள்ளும் தலையை விட்டாள்.
கசிவைச் சொன்னேன்:
எந்த மூலை, எந்த வருடம், அடைக்க எவ்வளவு முடிந்தது.
தலையாட்டினாள். பிறகு கேட்டாள்,
"நல்ல வீடு. ஏன் விற்கிறீர்கள்?"

ஜெயசீலன் ஒரு பதில் வைத்திருப்பார்.
வேலை மாற்றம். அல்பேர்ட்டாவில் சொந்தக்காரர்.
மூச்சு விடாமல் சொல்லிவிட்டு
மாபிள் மேசையைத் தட்டிக் காட்டியிருப்பார்.
அஞ்சு வீதம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

கிருபா ஜன்னலைப் பார்த்தான்.
"இரண்டு பேருக்கு..." என்று தொடங்கினேன்.
"கொஞ்சம் பெரிசு" என்று அவன் முடித்தான்.
பொய்யில்லை.
பதினாறடி நாலு அங்குலம்.

மாரிசெல் சின்ன அறைக்குள் நின்று கூப்பிட்டாள்:
அளவுநாடா இருக்குமா,
அம்மாவின் கட்டிலுக்கு இந்தச் சுவர் காணுமா பார்க்கவேண்டும்.

பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.
கிருபா ஏற்கெனவே சுவரடியில் குந்தி
நுனியைப் பிடித்திருந்தான்.