வெர்னா ஓஸ்ட்பியின் வரவு செலவு

பதினோரு வருஷம் அவள் கணக்கை நான் எழுதினேன்.
டுலூத், ஏரிக்கரை, மீன் நாற்றம் போகாத பழைய கிடங்கு.
முதல் பக்கத்தில்
பசை நாற்பது டாலர், வால்நட் பலகை இருநூற்றுப் பத்து,
வரவில் ஒரு கோடு.

அதற்கு முன் வார்ப்பாலையில் இருந்தாள்.
இரும்பு ஊற்றும் அச்சுக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் வேலை:
கப்பல் விசிறியின் இதழ், குழாயின் முழங்கை.
இரும்பு வந்தபின்
மரத்தை யாரும் கேட்பதில்லை.

பலகைமேல் பலகை ஒட்டிப் பாறையாக்கி
உள்ளே உறங்கும் உருவத்தை எழுப்புகிறாள்
என்று எழுதினார்கள் பத்திரிகையில்.
உள்ளே பசைதான் இருந்தது.
உருவம் இருந்தது சுவரில்,
அட்டையில் வெட்டி எண் போட்ட நூற்று ஆறு துண்டுகளாய்.

பேரேட்டில் நாற்காலி என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்து, "கால் மூன்றுதானே" என்றாள்.
அடித்துவிட்டு முக்காலி என்றேன்.
"மூன்றாவது கால் இல்லை, அது இடுப்பு."
அதையும் அடித்தேன்.
மிஞ்சியது காலி.
அந்த வரி இன்னமும் அப்படியே.

பல் மருத்துவர் ஹால்வர்சன் வாங்கிய பெஞ்சு
ஆறே வாரத்தில் திரும்பி வந்தது:
நோயாளிகள் வழுக்குகிறார்களாம்.
இரண்டு குளிர்காலம் அதன்மேல்
பசை டப்பாக்கள் உட்கார்ந்திருந்தன,
வழுக்காமல்.

அதே பெஞ்சைத்தான் மில்வாக்கி அருங்காட்சியகம் வாங்கியது.
சுற்றிலும் கயிறு. தொடாதீர்கள்.
திறப்பு விழாவில் எல்லோரும் பெஞ்சைப் பார்க்க
அவள் காவலரின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கசிமிர் என்று பெயர்.
யாரும் உட்காராத ஒன்றைக் காக்க
எட்டு மணி நேரம் நிற்கிற மனிதர்.

மார்ச்சில் ஒரு பெட்டி மில்வாக்கிக்குப் போனது.
மீந்த ஆஷ் மரம், பத்தொன்பது நாள் உழைப்பு, லாரி வாடகை;
கையெழுத்து இல்லை,
வரவும் இல்லை.
"இப்படியே போனால் கடையை மூடலாம்" என்றேன்.
"கதவு ஏற்கெனவே சரியாக மூடுவதில்லை" என்றாள்.

விதி இடம் தரவில்லை; காவலர் நிற்கத்தான் வேண்டும்.
அவர் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார்.
கடிதம் வந்தது:
சமையலறை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன்,
அதில் உட்கார்ந்துதான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன்,
மனைவி கேட்டாலும் எழுந்திருப்பதில்லை.

"வரவில் வை" என்று என்னிடம் நீட்டினாள்.
"எத்தனை டாலர் என்று போட?"

பதிலில்லை.
மூக்குக்கண்ணாடியின் மரத்தூளை ஊதிவிட்டு
கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தாள்.
"பின்னங்கால் ஒரு நூல் நீளம்.
ஆடியிருக்கும்.
சொல்லவே இல்லை பார், அந்த மனுஷன்."